ஐந்து காகிதக் கையுறைகள்

28 செப்டம்பர் 1871, வியாழன்

லெட்டிஸ் அக்காவை அடக்கம் செய்துவிட்டோம். பெட்டிக்கு முன்னால் வெள்ளை உடுப்பில் இரண்டு பெண்கள் காகித மாலையை ஒரு கோலில் தூக்கிப் போனார்கள். கன்னியாகச் செத்தவளுக்கு மட்டுமே எங்கள் கோயில் தருகிற மாலை. அதன் ரோஜாக்களை மடித்தது நான்தான். மடிக்கும்போதே சொல்லியிருக்க வேண்டாமா?

அக்கா ஏபெல் ஹோரின் மனைவி. பக்கத்து டவுனான ஆண்டோவரில் பதிவாளர் முன்னால் ரகசியமாகக் கல்யாணம். ஏபெல் எங்கள் கோயிலைச் சேராத மெதடிஸ்ட் சபைக்காரன். அம்மா அந்தச் சபை ஆட்களுக்கு முகம்கூடக் கொடுக்கமாட்டாள். காய்ச்சலில் அக்கா சொன்னாள்: "அம்மாகிட்ட நானே சொல்றேன்டி. நீ வாயத் தொறக்காத."

நான் எப்போது திறந்தேன்? வாத்தியார் கேட்டால் நடுங்குவேன் என்றுதானே பதினொரு வயதில் பள்ளியை விட்டு நின்றேன்.

1 அக்டோபர், ஞாயிறு

மாலை கோயில் மேல்மாடத்தில் தொங்குகிறது. அதன் கீழே ஐந்து காகிதக் கையுறைகள். கையுறை என்றால் சவால்: இவள் கன்னியில்லை என்பவர்கள் ஆராதனையில் எழுந்து சொல்லலாம். மூன்று ஞாயிறு யாரும் எழாவிட்டால் சுவரில் ஏற்றி, பெயரெழுதி, என்றைக்குமாக விட்டுவிடுவார்கள். நூறு வருஷத்துக்கு முந்தியவைகூட அங்கே இருக்கின்றன.

4 அக்டோபர்

தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு பிராக்னல் அம்மா: "ஆண்டோவர் சந்தையில ஒருத்தன் கையப் புடிச்சுக்கிட்டு என்னா சிரிப்பு! இவளுக்கு மாலை ஒரு கேடா?"

அம்மா வாளியை நங்கென்று வைத்தாள். "தைரியமிருந்தா கோயில்ல எழுந்து சொல்லுடி. எம் பொண்ணு பளிங்கு!"

8 அக்டோபர், ஞாயிறு

யாரும் எழவில்லை.

11 அக்டோபர்

பாதிரியார் வீட்டுக் கொல்லையில் கூலிக்குத் துணி அலசிக்கொண்டிருந்தேன். ஏபெல் வந்தான். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"நான் எழுந்தா உங்கம்மாவ அசிங்கப்படுத்த வந்தேம்பாங்க, டோர்கஸ். மாலை இருக்கட்டும். ஆனா... எனக்குப் பெண்டாட்டியே இல்லாத மாதிரி ஆயிடுமே."

கல்யாணச் சீட்டை என் ஈரக் கையில் திணித்தான். "கிழிச்சுடு. என்னால முடியல."

என்னாலும் முடியவில்லை. சொன்னால் அம்மா உடைந்துபோவாள். சொல்லாவிட்டால் இவன்— கடவுளே, ஏன் என்னிடம் தந்தான்?

15 அக்டோபர், ஞாயிறு

மூன்றாவது ஞாயிறு. "யாருக்காவது ஆட்சேபம் உண்டா?" என்றார் பாதிரியார். பிராக்னல் அம்மா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா நெஞ்சை நிமிர்த்தினாள்.

நான் எழுந்துவிட்டேன்.

"அக்கா கல்யாணம் ஆனவங்க." அவ்வளவுதான் வந்தது. சீட்டை நீட்டினேன். பாதிரியார் உரக்கப் படித்தார். பிறகு மாலையை இறக்க ஏணி கொண்டுவரச் சொன்னார்.

வீட்டில் அம்மா ஒன்றுதான் சொன்னாள். "செத்தவள ரெண்டாந்தடவ புதைச்சிட்ட."

22 அக்டோபர்

அம்மா இன்னும் என்னோடு பேசவில்லை. என் கஞ்சியை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

29 அக்டோபர், ஞாயிறு

ஆராதனை தொடங்கிய பிறகு ஏபெல் வந்தான். நேராக எங்கள் பெஞ்சுக்கு வந்து, ஓரத்தில் பாதி உடம்பாக உட்கார்ந்தான். அம்மா திரும்பவில்லை, நகரவுமில்லை. எங்கள் முறை அவனுக்குத் தெரியாது. எல்லோரும் எழுந்தபின் எழுந்தான், எல்லோரும் முழங்காலிட்டபின் தடுமாறினான். பின்னால் யாரோ சிரித்தார்கள்.

சங்கீதம் வாசிக்கும் இடம் வந்தபோது அம்மா தன் ஜெபப் புத்தகத்தை அவன் பக்கம் சாய்த்து, வரியில் விரல் வைத்துக் காட்டினாள்.