அப்பாவின் வாணலியைக் கொடுக்க மாட்டேன்

பாப்பா,

அப்பாவின் வாணலியைத் தருவதாக நீ அத்தையிடம் வாக்குக் கொடுத்திருக்கலாம், நான் கொடுக்கவில்லை. "அப்பா போனதுலேர்ந்து நீ அதப் பாத்துப் பாத்து அழறம்மா" என்றாய். அழுதால் என்ன? அழுதுகொண்டே சமைப்பேன்.

மாட்டிறைச்சியை மெல்லியதாக நறுக்கி, சோயா சாஸில் ஊறவைத்திருக்கிறேன். குடைமிளகாயும் கேரட்டும் பக்கத்து டப்பாவில் இருக்கின்றன. தீயை முழுதாக வைத்து, இறைச்சியை இரண்டு தடவையாக வதக்கு, பிறகு காய்கள். அப்பா எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு, அது தண்ணீர் விட்டுக்கொண்டதும் "கொழம்புன்னு நெனச்சுக்குங்க" என்பாரே, அப்படிச் செய்யாதே.

அத்தை வாணலியை வாங்க ஆறு மணிக்கு வருகிறார். நான் வேலை முடிந்து வர ஏழாகும். ஐந்தே முக்காலுக்கே அடுப்பை மூட்டிவிடு. இறைச்சி சீறிக்கொண்டிருக்கும் வாணலியை யார் தூக்கிப்போவார்?

அம்மா

பி.கு.: அத்தைக்கும் ஒரு தட்டு வை. போனது அவருடைய தம்பியும்தான்.