காதை மறைக்காத சீருடைத் தொப்பியை மாற்றித் தரக் கோருதல்

அனுப்புநர்:
நோலீன் க்ரௌஸ்,
பள்ளிச் சாலைக் கடவைக் காவலர்,
7, டேன்பி தெரு,
வாட்டில்பிரிட்ஜ், குயின்ஸ்லாந்து.

பெறுநர்:
சாலைப் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்,
நகர மன்றம், வாட்டில்பிரிட்ஜ்.

பொருள்: கடவைக் காவலர்கள் அகல விளிம்புத் தொப்பி அணிய அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. தொடக்கப் பள்ளி வாசலில் ‘நில்’ பலகை பிடித்துப் பிள்ளைகளைச் சாலையைக் கடக்க வைப்பது என் பணி. மன்றம் தரும் தொப்பிக்கு முன்பக்கம் மட்டுமே விளிம்பு. காதும் பிடரியும் வெயிலில்தான்.

2. சென்ற அக்டோபரில், மகனைப் பள்ளியில் விட வந்த செவிலியர் பிரையனி டால்டன், “நோலீன், காது மேல கறுப்பா என்ன அது?” என்று கேட்டார். ரொம்ப நாளாக இருப்பதுதான் என்றேன். “இன்னைக்கே டாக்டர்கிட்ட போறீங்க. இல்லன்னா நானே இழுத்துக்கிட்டுப் போவேன்” என்றார். போனேன். மெலனோமா எனப்படும் தோல் புற்றுநோய். காதின் மேல்பகுதியை வெட்டி எடுத்தார்கள். முடிவு வரும்வரை என் கணவர் லெஸ், வெட்டுவதற்குப் புல்லே மிச்சமில்லாத புல்வெளியைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டிருந்தார். ஆழமாக இறங்கவில்லை, வேறெங்கும் பரவவில்லை என்று மருத்துவர் சொன்னதும், மருத்துவமனை வாசலிலேயே காருக்குள் உட்கார்ந்து இருவரும் ‘மீட் பை’ எனும் இறைச்சி அடைத்த பண்டத்தை ஆளுக்கு இரண்டு தின்றோம். அவ்வளவு பசி எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை.

3. என் சொந்த அகலத் தொப்பியுடன் பணிக்குத் திரும்பினேன். “மிஸ், காதைச் சுறா கடிச்சிடுச்சா?” என்று பிள்ளைகள் கேட்டார்கள். “வெயில் கடிச்சிடுச்சு, தொப்பியை ஒழுங்காப் போடு” என்றேன். தொப்பி இல்லாத பிள்ளையைப் பள்ளி விளையாட விடுவதில்லை, நல்ல விதி. ஆனால் அவர்களைச் சாலை கடக்க வைக்கும் எனக்கோ, சீருடைத் தொப்பியை மட்டுமே அணிய வேண்டும் என்று தங்கள் அலுவலகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் வந்துள்ளது.

4. என் கவலை பெருமளவு தீர்ந்தது. இப்போது நன்றாகத் தூங்குகிறேன். உயர்நிலைப் பள்ளி வாசலில் நிற்கும் காவலர் மெர்வ் ஹாட்ஜுக்காகத்தான் இதை எழுதுகிறேன். சற்று வெயில் பட்டாலே சிவந்துபோகும் தோல் அவருக்கு. “ஓய்வு பெறப்போற நேரத்துல எதுக்கு வம்பு?” என்று அந்தச் சின்னத் தொப்பியோடே நிற்கிறார்.

ஆகவே, காவலர்கள் அனைவருக்கும் அகல விளிம்புத் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் சன்ஸ்க்ரீனும் வழங்கி, நிற்கும் இடங்களில் நிழற்கூரை அமைத்து, ஆண்டுதோறும் தோல் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அதுவரைக்கும் இருக்கட்டுமென்று, என்னிடமிருந்த இன்னொரு அகலத் தொப்பியை இன்று காலை மெர்வ் ஹாட்ஜின் தலையில் நானே வைத்துவிட்டேன். அதற்கு விளக்கம் கேட்பதானால், அவரை விட்டுவிட்டு என்னிடம் கேட்கும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

இடம்: வாட்டில்பிரிட்ஜ்
நாள்: 14.02.2022

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்) நோலீன் க்ரௌஸ்