படகுப் பாயில் மாமா முகம்

ஏஞ்சல்,

ஷிஃப்ட் முடிஞ்சி வந்ததும் முதல்ல சாப்பிடு. இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்குது. பின்கதவு சாவி ஆணியில மாட்டியிருக்குது. சாயந்தரம் ஆறு மணிக்கு உங்கப்பாவோட ரெண்டாம் வருஷ நினைவு ஜெபத்துக்குப் பாஸ்டர் வர்றாரு. நான் ஓரிக்கைல நாற்காலி வாடகைக்கு எடுக்கப் போறேன்.

நேத்து நீ அழுதுக்கினு நின்னப்போ "பழைய பேனர்தானேம்மா"ன்னு சொல்லியிருக்கக் கூடாது.

என்னோட கயாக் படகுக்கு ரெண்டு பக்கமும் பழைய பைப்புல மிதவை கட்டியாச்சி, ஆன்டெனா கம்பத்தையும் நட்டாச்சி, பாய் மட்டும்தான் பாக்கின்னு பரண்ல தேடினேன். சுருட்டி வெச்ச ஃப்ளெக்ஸ் கெடைச்சிது. வெள்ளைப் பக்கத்தைப் பார்த்தே முக்கோணமா வெட்டிட்டேன். திருப்பினா, அப்பாவோட முதலாம் ஆண்டு நினைவஞ்சலி. போன வருஷத்துதுதானேன்னு அப்பவும் நான் நிறுத்தலை. "முதலாம்" மேல "இரண்டாம்"னு ஒட்டி இன்னிக்கிக் கட்டத்தான் நீ பத்திரமா வெச்சிருந்தேன்னு எனக்குத் தோணவே இல்லைம்மா.

பாயை அவுத்துட்டேன். நல்லவேளை, முகத்துல கத்தரி படலை. வெட்டின துண்டுங்களைப் பொறுக்கி, பேரு, பொறந்த தேதி எல்லாம் கோணி ஊசியால தெச்சி ஹால்ல மாட்டியிருக்கேன். படகு மொட்டைக் கம்பத்தோட கொல்லையில கெடக்குது. கெடக்கட்டும்.

எபி

பாலைக் காய்ச்சலை, மறந்துட்டேன்.

இன்னொண்ணு. பேனர்ல ஒரு மூலை காலியா இருக்கும். துண்டு தொலையலை, டிவி மேலதான் இருக்குது. மாமா இறந்த தேதி அது. ஊசியில நூல் கோத்து ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அதை மட்டும் தெக்க மனசு வரலை.