வெள்ளைக்கல் கரட்டில் உயிர் தேடியது

பிப். 3, செவ்வாய்

காலையில் நல்ல பனி. அஸ்தம்பட்டியில் வண்டி கிளம்பவே எட்டரை. சிலிண்டர்காரருக்காகக் காத்திருந்ததில் வந்த வினை.

சேலத்துக்கு மேற்கே வெள்ளைக்கல் கரடு. புல்கூட யோசித்துத்தான் முளைக்கும். செவ்வாய்க் கிரகத்திலும் இந்த வகைக் கல் உண்டு. அதனால்தான் இந்த இடம்.

நான் போனபோது போர் போடும் ரிக் தயார். வண்டிக்காரர் குழந்தைவேல் அண்ணன், திருச்செங்கோடு. தண்ணீர் வராத இடமாகப் பார்த்துக் குழி போடச் சொன்ன முதல் ஆள் நான்தானாம். தண்ணீர் வந்துவிட்டால் கோபித்துக்கொள்வீர்களா என்று கேட்டார். சிரித்தேன்.

இருபது அடி. கல் தூளைப் பிடித்தாயிற்று, சூளையில் சுட்டுச் சுத்தம் செய்த கண்ணாடிக் குப்பிகளில். கம்ப்ரஸர் எண்ணெய் தனியாக ஒரு குப்பி, கலந்திருந்தால் காட்டிக்கொடுக்க. கையுறை, முகமூடி எல்லாம் சரி.

கல்லுக்குள் கிருமிகள் விட்டுப்போன கொழுப்பை என் முறை கண்டுபிடித்துவிட்டால், கோடையில் லடாக் போகும் பெங்களூர்க் குழுவில் நானும் ஒருத்தி. அங்கே குளிர்ப் பாலைவன மண்ணைச் சோதிக்கும் வேலை. எனக்கு அது கிடைக்கும். சந்தேகமே இல்லை.

பிப். 6, வெள்ளி

கரண்ட் போகவில்லை, அதிசயம். மதியம் மெஷின் ஓடி முடிந்தது. திரையில் அது வரைந்த கோட்டில் ஒரு பீக், பனைமர உயரம். பன்னிரண்டு கார்பன் கொழுப்பு அமிலம், பக்கத்தில் குட்டையாக இன்னும் மூன்று. இந்தக் கல் தானாகச் செய்கிற சரக்கு இல்லை.

பக்கத்து மேசை சண்முகம் சார் (வேலையில் பாதி அவருடையது) நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

உடனே பெங்களூருக்குப் போன், குழுத் தலைவருக்கு. "உயிர் இருக்கு சார்" என்றேன். இன்னொரு தடவை பார்த்துவிட்டுச் சொல்லலாமோ என்று தோன்றியது, போனை வைத்த பிறகு.

வாங்க: பால், ரவை, ஸ்வெட்டர் (விலை மட்டும்). சேலத்தில் ஸ்வெட்டர் தேடுகிற ஒரே பெண்ணைத் தான் கட்டியிருப்பதாக வீட்டுக்காரர் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார்.

பிப். 9, திங்கள்

முதல் பீரியட், எம்.எஸ்சி. எண்ணெய்கள் பாடம். தேங்காய் எண்ணெயில் என்னென்ன என்று போர்டில் எழுதுகிறேன். பன்னிரண்டு கார்பன் நிறைய. அடுத்து பதினான்கு. எட்டும் பத்தும் கொஞ்சம்.

கை நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை திரையில் பார்த்த அதே வரிசை. வருடாவருடம் நானே எழுதிப் போடுவது.

வராந்தாவுக்கு வந்து குழந்தைவேல் அண்ணனுக்குப் போன். அன்றைக்குத் தேங்காய் உடைத்தீர்களா என்று கேட்டேன்.

"ஏனுங்க மேடம், ஒடைக்காம ராடு எறக்குவனுங்களா? நீங்க வாரதுக்குள்ள எமகண்டம் பொறந்துருமுன்னு மொதல்லயே பூசையப் போட்டுட்டனுங்க. குழி போடுற புள்ளி மேலயே ஒடச்சு, ஒரு சில்லையும் குழிக்குள்ள போட்டமுங்க."

கம்ப்ரஸர் எண்ணெய்க்குக் கணக்கு வைத்தவள் தேங்காய்க்கு வைக்கவில்லை. போர் போடுகிற இடத்தில் தேங்காய் உடைப்பார்கள் என்பது இந்த ஊரில் பிறந்தவளுக்குத் தெரியாதா?

தேங்காயைக் கழித்துவிட்டு மீதியை அனுப்பலாம் என்கிறார் சண்முகம் சார். மாட்டேன் என்றேன். பெங்களூருக்கு நானே சொன்னேன். தேங்காயா என்று இரண்டு தடவை கேட்டார் தலைவர். பிறகு, இன்னொரு குழி போடுங்கள், அதுவும் இப்படியென்றால் லடாக்குக்கு வேறு ஆள்தான் என்றார்.

நியாயம்தான். இருந்தாலும் பாத்ரூமில் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு அடுத்த பீரியட்.

பின்குறிப்பு, எனக்கே: இத்தனை கல் தூளில் ஒரு சில்லுத் தேங்காயைப் பிடித்த முறை மட்டமான முறை இல்லை.

பிப். 12, வியாழன்

வெயில் ஏறுகிறது. அதே கரடு, முதல் குழிக்குத் தள்ளி, காற்று வருகிற பக்கம்.

தேங்காய் வேண்டாம் என்றதும் அண்ணன் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "சாமி கும்புடாம எறக்குனா ராடு சிக்கிக்குமுங்க. உங்க ஆராய்ச்சியும் போச்சு, எம்பட ராடும் போச்சு."

பேச்சுவார்த்தை, அரை மணி நேரம். முடிவு: பூசை உண்டு, கீழே தார் ரோட்டோரத்தில். உடைக்கிறவர் குழிப் பக்கம் வரக்கூடாது. சண்முகம் சார் உடைத்தார். நாள் முழுக்க ரோட்டிலேயே உட்கார்ந்து தேங்காய் தின்றார் பாவம்.

தலை எண்ணெய் இன்னொரு வம்பு. எல்லோருக்கும் பிளாஸ்டிக் தொப்பி. அண்ணனைப் பார்த்து அவர் ஆட்களே சிரித்தார்கள். நான் மூன்று நாளாக எண்ணெய் வைக்கவில்லை, முடி விளக்குமாறு. ராடு பத்திரமாக வெளியே வந்தது. அண்ணன் ரோட்டுப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பிப். 16, திங்கள்

தூக்கமில்லை. ஆனால் பயம் என்று சொல்ல முடியாது.

பன்னிரண்டு இருந்த இடம் மொட்டை. பனைமரம் போயே போச்சு. அதன் நிழலில் போன தடவை நான் பார்க்காமல் விட்டது, பதினைந்து கார்பனில், கிளை பிரிந்த சங்கிலி, சின்னதாக இரண்டு பீக். தேங்காயில் இது கிடையாது. கம்ப்ரஸர் எண்ணெயிலும் இல்லை. பாக்டீரியா செய்வது.

நம் தோலில் குடியிருக்கும் பாக்டீரியாவும் இதைச் செய்யும். ஆகவே கையுறையைத் துடைத்த பஞ்சை மெஷினில் ஓட்டினேன். இல்லை. சுட்டுச் சுத்தமாக்கிய வெறும் மணலை ஓட்டினேன். இல்லை. கல் தூளை மறுபடி. இருக்கிறது. நடுவில் பெங்களூரிலிருந்து இரண்டு தடவை போன். எடுக்கவில்லை. சண்முகம் சாருக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு குப்பியிலிருந்தும் ஓட்டினேன். அதே இடத்தில், அதே இரண்டு.

சாயங்காலம் நானே பெங்களூரைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், இல்லை என்று வந்தவற்றை முதலில். இரண்டு குப்பியிலுமா என்று கேட்டார் தலைவர். பாராட்டவில்லை.

"உங்க ஷூ சைஸ் என்னம்மா? பனிக்கு ஷூ இங்கிருந்தே வாங்கணும்" என்றார்.

ஆறு என்றேன். வாங்க: ஸ்வெட்டர் (இந்தத் தடவை விலை மட்டும் இல்லை).