துவைத்த துணி

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நீ அக்கா வீட்டுக்குப் போன மூன்றாம் நாள் துணி துவைக்கப் போனேன். வாஷிங் மெஷினுக்குப் பின்னால் ஒரு நோட்டு இருந்தது. உள்ளே நீ எழுதிய பாதிக் கதை. படித்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே.

"துவைச்ச துணியையே எதுக்குத் திரும்பத் துவைக்கிறே?" என்று எத்தனை முறை கத்தியிருப்பேன்! "அழுக்கு போகலைங்க" என்பாய். மெஷின் ஓடும் நாற்பது நிமிடம்தான் உன்னை யாரும் கூப்பிடமாட்டோம் என்பது இந்த மரமண்டைக்கு இப்போதுதான் ஏறியது.

என் தட்டுமுட்டுச் சாமான் அடைந்திருந்த சின்ன அறையை ஒழித்து, மேசை போட்டிருக்கிறேன். தாழ்ப்பாள் உள்பக்கம். நானே தட்டினாலும் திறக்காதே.

கதையில் வரும் அந்தச் சிடுமூஞ்சிப் புருஷன் யாரென்று கேட்கமாட்டேன். கடைசிப் பக்கத்திலாவது அவனைக் கொஞ்சம் திருந்தவிடு.

இப்படிக்கு,
இனித் தன் துணியைத் தானே துவைக்கப்போகிறவன்