ஒரே தட்டு, மூன்று கிழிசல்

22.8.2005

மரவள்ளிக்குக் களை எடுத்துவிட்டு மதியமே வந்துவிட்டேன். மழை வரும்போல் இருந்தது. வரவில்லை.

இதை எழுதுவது என் மருமகள் ருக்குமணி. நான் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். எனக்கு எழுத்து தெரியாது. மிளகு வியாபாரி தைப்பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதம் ஆணியில் சும்மா தொங்கியது. இன்று அதை இறக்க வைத்தவன் காளியண்ணன். பட்டிக்கு நடுவில், நாலு பேர் பார்க்க, "எழுதத் தெரியாதவன் ஞாபகத்துக்கு ஏது வேலி? நெனச்ச பக்கமெல்லாம் மேயும்" என்றான். சரி. இனித் தேதி போட்டு வைக்கிறேன்.

"நான் பேசுவதை அப்படியே எழுது" என்றேன். "பேச்ச அப்படியே எழுதுனா படிக்கறவங்க சிரிப்பாங்க மாமா. நான் எழுத்தாப் போட்டுக்கறேன்" என்றாள். போட்டுக்கொள்ளட்டும்.

சங்கதி இதுதான். எங்கள் பட்டிக்குக் குடிதண்ணீர் ஊற்றில். ஊற்றுக்கு வழி காளியண்ணனின் மிளகுத் தோட்டத்துக்குள். அவன் அப்பன் சுப்பண்ணன், என் மகள் கலைச்செல்வி கல்யாணப் பந்தலில், 98 வைகாசியில், வெற்றிலை கொடுத்து வாக்குச் சொன்னான், அந்த வழி என்றைக்கும் அடைபடாது என்று. எங்களுக்குள் வெற்றிலை கைமாறினால் பத்திரம் பதிந்த மாதிரி. போன வருஷம் சுப்பண்ணன் போய்ச் சேர்ந்தான். இந்த ஆடி முடிந்ததும் மகன் முள்வேலி போட்டுவிட்டான். ருக்குமணி இப்போது பாறைக் கரட்டைச் சுற்றிப் போய்க் காலையில் மூன்று நடை தண்ணீர் எடுக்கிறாள். போன வாரம் சறுக்கி முழங்காலைப் பேர்த்துக்கொண்டாள். இதை எழுத மாட்டேன் என்கிறாள். எழுது.

வாக்கைக் கேட்டவன் நான். கை நீட்டி வெற்றிலை வாங்கியவனும் நான். அன்றைக்குச் சுப்பண்ணன் சட்டையில் இரண்டாவது பொத்தான் இல்லை. அதுவரைக்கும் சொல்வேன்.

24.8.2005

கல்யாண வீடியோ இருக்கிறது! கேசட்டில் பூசணம் பிடித்து எப்போதோ போய்விட்டது. ஆனால் படம் எடுத்த ஸ்டுடியோக்காரர் அதற்கு முன்பே ஒரு சிடித் தட்டில் ஏற்றிக் கலைச்செல்வியிடம் கொடுத்திருக்கிறார். அவள் பெட்டிக்கு அடியில் இருந்ததை இன்று மாப்பிள்ளை கொண்டுவந்து கொடுத்தார். டிவியில் போட்டால் ஓடாதாம், கம்ப்யூட்டரில்தான் ஓடுமாம். செம்மேட்டில் ஜெராக்ஸ் கடை தனசேகரனிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஊர்க்கவுண்டரைக் கூப்பிட்டாயிற்று. காளியண்ணனையும்.

பார்க்கலாம், யார் ஞாபகம் மேய்கிறது என்று.

27.8.2005

அசிங்கமாகிப் போச்சு.

கடைக்குள் பத்துப் பேர். படம் நன்றாகத்தான் ஓடியது. சுப்பண்ணன் பந்தலில் எழுந்தான், கையைத் தூக்கினான், படம் எடுத்தவர் காமிராவைத் திருப்பினார். அங்கேதான் படம் கிழிந்தது. தலை ஒரு பக்கம். கழுத்துக்குக் கீழே உடம்பு நாலு விரல் தள்ளி நிற்கிறது. அரிவாளால் ஒரே கோடாக வெட்டி நகர்த்தி வைத்த மாதிரி. ஒரு இமைப்பு நேரம். மறுபடியும் சேர்ந்துகொண்டது, மறுபடியும் கிழிந்தது.

காளியண்ணன் எழுந்துவிட்டான். "நிறுத்துங்க! பாத்தீங்களா? எவனோ ஒருத்தன் ஒடம்புல எங்கப்பன் தலைய வெட்டி ஒட்டியிருக்கானுங்க!"

மூன்று தடவை போட்டார்கள். மூன்று தடவையும் கை தூக்குகிற இடத்தில் கிழிந்தது. மூன்று தடவையும் அவன் கத்தி நிறுத்தினான். அதற்குமேல் ஒருவரும் பார்க்கவில்லை.

ஊர்க்கவுண்டர் சிடியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். "இது எங்கிட்டயே இருக்கட்டும். புரட்டாசி பொறந்து மொத ஞாயித்துக்கெழம கூட்டம். அங்க வெச்சுப் பாக்கலாம். அன்னிக்கும் இப்படியே இருந்துச்சுன்னா வேலி நிக்கும்" என்றார்.

வெளியே வந்ததும் காளியண்ணன் கேட்டான்: "ஏனுங்க பெருசு, கம்ப்யூட்டரு வெச்சு என்னத்தக் கிழிச்சீங்க? செத்துப்போன எங்கப்பன் கழுத்தத்தான் கிழிச்சீங்க."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்திருக்கும், வேறு யாரையாவது கேட்டிருந்தால்.

28.8.2005

சாப்பிடவில்லை. அதையும் எழுதுகிறாள்.

29.8.2005

ருக்குமணி, அடுப்பைப் பிறகு பார்க்கலாம், இதை எழுது.

முதல் தடவை கழுத்தில் கிழிந்தது. இரண்டாம் தடவை சட்டைப் பையில். மூன்றாம் தடவை இடுப்பில், வேட்டி மடிப்புக்கு மேலே. ஒரே சிடி. ஒரே கம்ப்யூட்டர். மூன்று கிழிசல், மூன்று இடம்.

ஒரு வேட்டி கிழிந்தால் கிழிசல் எங்கே இருக்கும்? நேற்றுக் கரையில் இருந்தது இன்று நடுவுக்கு நடந்து போகுமா? வெட்டி ஒட்டியிருந்தால் ஒட்டின இடம் ஒட்டின இடத்தில்தானே இருக்கும்! அப்படியானால் கிழிசல் சிடியில் இல்லை. கம்ப்யூட்டரில் இருக்கிறது.

"நெசமா மாமா? மூணும் வேற வேற எடமா?" என்று பேனாவை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பத்துப் பேர் பார்த்தார்கள். பத்துப் பேரும் படித்தவர்கள். ஒருவனுக்கும் நினைவில்லை.

30.8.2005

செம்மேடு போனேன். தனசேகரனிடம் வேறு ஏதாவது படம் போடச் சொன்னேன். கோயில் திருவிழா சிடி ஒன்றைப் போட்டார். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். சாமி சும்மா நின்றால் கிழியவில்லை. தேர் நகர்ந்தால் கிழிகிறது. காமிரா திரும்பினால் கம்பம், மரம், போலீஸ்காரர் எல்லாம் கிழிகிறது.

"இது எப்பவும் இப்படித்தாங்க. நான் கண்டுக்கறதே இல்ல" என்றார்.

"அன்னிக்கு ஊர்க்கவுண்டர்கிட்ட அதச் சொல்றதுக்கு வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"பத்துப் பேருக்கு முன்னால எம் பொட்டி சரியில்லன்னு சொன்னா நாளைக்கு எவனுங்க கடைக்கு வருவான்?"

"சொல்லலீன்னா நாளைக்கு நான் வருவேன். தெனமும் வருவேன். இந்த முக்காலியிலயே உக்காந்திருப்பேன்."

2.9.2005

நாலு நாளாகப் போகிறேன். பழையபடி முக்காலி. தனசேகரன் சிடி வைக்கிற இடத்தை ஊதிப் பார்த்தார். கிழிந்தது. டிவி மாதிரி இருக்கிறதே, அதன் வயரை மாற்றினார். கிழிந்தது. பக்கத்துக் கடை டிவியை வாங்கிவந்து மாட்டினார். அதிலும் கிழிந்தது. கரண்டு குறைவு என்றார். கரண்டு குறைந்தால் விளக்கு மங்கும், மனுஷன் இரண்டாகமாட்டான் என்றேன்.

அவருக்கும் இப்போது ரோஷம் வந்துவிட்டது. நல்லதுதான்.

5.9.2005

சேந்தமங்கலத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற தேவராஜுக்கு தனசேகரன் போன் போட்டார். கொஞ்சம் பேசிவிட்டு என்னிடமே கொடுத்துவிட்டார். கிழிசலை நான் சொன்னேன். எங்கே, எப்போது, எத்தனை விரல் தள்ளி என்று.

"பெரியவரே, இவ்வளவு கரெக்டா எங்கிட்ட எவனும் சொன்னதில்லீங்க" என்றது அந்தப் பிள்ளை. "அந்தக் கம்ப்யூட்டர எப்பவாச்சும் அழிச்சு மறுபடி ஏத்துனாங்களா?"

தனசேகரன் தலையைச் சொறிந்தார். போன கார்த்திகையில் வைரஸ் வந்து அழித்து ஏற்றியிருக்கிறார்.

"அப்ப டிரைவர் போடாம உட்டுட்டாரு."

"டிரைவரா? இதென்ன பஸ்ஸா?"

சிரித்துவிட்டு விளக்கினான். படத்தை வரைவதற்கென்று கம்ப்யூட்டருக்குள் ஒரு அட்டை இருக்கிறதாம். அந்த அட்டைக்கு வேலை சொல்லுகிற சங்கதிக்குப் பெயர் டிரைவர். திரையில் படம் மேலிருந்து கீழே கோடு கோடாக வரையப்படுமாம், ஒரு இமைப்புக்குள் பல தடவை. ஒரு படம் பாதி வரைந்திருக்கும்போதே அடுத்த படம் வந்து புகுந்துகொண்டால், மேல் பாதி பழசு, கீழ் பாதி புதுசு. ஆள் நகராமல் இருந்தால் இரண்டும் ஒன்று, தெரியாது. நகர்ந்தால் கிழிசல்.

எனக்குப் புரிந்துவிட்டது. கும்மியில் பாட்டுக்காரி நடுவில் அடியை மாற்றிவிட்டால் வட்டத்தில் பாதிப் பேர் பழைய அடி, பாதிப் பேர் புது அடி. "சுத்து முடியட்டும், அப்பறம் மாத்து" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அதைச் சொன்னேன். "அதேதாங்க! அந்த ஆளத்தான் உங்க கம்ப்யூட்டர்ல காணோம்" என்றான்.

கம்ப்யூட்டர் வாங்கும்போது கூடவே ஒரு சிடி வந்திருக்கும், அதில்தான் டிரைவர் என்றான். தனசேகரன் முகம் செத்துவிட்டது.

"அதுல பாட்டும் இல்ல, படமும் இல்லீங்களே... எங்க மாமனார் சாமைக்காட்டுல கிளி வெரட்டக் கட்டிட்டேனுங்க."

6.9.2005

சாமைக்காடு. ஆளுயரக் குச்சியில் நைலான் கயிற்றில் ஏழு சிடி ஆடிக்கொண்டிருந்தது. கிளிகள் அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தன. நாலாவதுதான் அது. வெயிலிலும் மழையிலும் வெள்ளிப் பூச்சு அங்கங்கே உரிந்து, கண்ணுக்கு நேராகப் பிடித்தால் மறுபக்கம் பலாமரம் தெரிகிறது. பத்து மாதத்தில் நாம் இதைத் தொலைத்தோம், கிளி ஒரு சாமைக் கதிரைக்கூட விடவில்லை.

தனசேகரன் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "போச்சுங்க."

"முன்பக்கம் எழுத்து இருக்குது. என்னான்னு படிங்க."

ஏதோ நம்பர், இங்கிலீஷ் எழுத்து. கடைக்குப் போய்ப் போனில் தேவராஜிடம் வாசித்தார். அட்டையின் பெயர் அதுதானாம். பெயர் தெரிந்தால் போதும், அதே டிரைவரை வேறு சிடியில் ஏற்றி அனுப்புகிறேன் என்றிருக்கிறான்.

எழுத்துக்கும் ஒரு உபயோகம் இருக்கத்தான் செய்கிறது. ருக்குமணி, சிரிக்காதே.

12.9.2005

சேந்தமங்கலம் பஸ்ஸில் கண்டக்டரிடம் சிடி வந்தது. போட்டு, அணைத்து, மறுபடி போட்டதும் திருவிழா சிடியில் தேர் முழுசாக நகர்ந்தது. போலீஸ்காரர் முழுசாக நடந்தார். மூன்று தடவை பார்த்தேன். ஒரு இடத்திலும் கிழிசல் இல்லை.

காளியண்ணனுக்குச் சேதி போய்விட்டது. டீக்கடையில் வைத்துச் சொன்னான்: "ரிப்பேருன்னு சொல்லி உள்ள படத்த மாத்திருப்பாங்க. நாங்க என்ன காது குத்தாத புள்ளைங்களா?"

"படம் ஊர்க்கவுண்டர் ஊட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்குது. அதுக்குள்ள போய் மாத்த நான் என்ன எலியா?" என்றேன்.

ஆனாலும் யோசித்தேன். சரியான படத்தை மட்டும் காட்டினால் இவன் நம்பமாட்டான். முதலில் கிழித்துக் காட்டவேண்டும். அப்புறம் நிறுத்திக் காட்டவேண்டும். முடியுமா என்று தனசேகரனைக் கேட்டேன். திரையில் ஒரு கட்டத்துக்குள் டிக் போட்டால் கிழிசல் நிற்கும், எடுத்தால் கிழியும் என்றார்.

18.9.2005

கூட்டம். கோயில் முன்னால், பகலில், கம்ப்யூட்டர் மேல் வெயில் படாமல் போர்வை கட்டினோம். ஊர்க்கவுண்டரே சிடியைக் கொண்டுவந்து தனசேகரன் கையில் கொடுத்தார்.

முதலில் திருவிழா சிடி. டிக்கை எடுத்தார். தேர் கிழிந்தது. ஒரே இடத்தை மூன்று தடவை போடச்சொன்னேன். "எங்க கிழியுதுன்னு எல்லாரும் சொல்லுங்க" என்றேன். கலசம். சக்கரம். நடு. மூன்று இடம்! பக்கத்து வீட்டுப் பொன்னம்மாள் முதலில் கத்தினாள்: "அட, ஒவ்வொரு வாட்டியும் வேற எடமுங்கோ!" டிக் போட்டார். கிழிசல் நின்றது.

"இந்தத் தேரையும் நான்தான் வெட்டி ஒட்டுனனா, காளியண்ணா?"

அதன்பிறகு கல்யாண சிடி.

சுப்பண்ணன் எழுந்தான். முழு ஆளாக. இரண்டாவது பொத்தான் இல்லை. கையைத் தூக்கினான், காமிரா திரும்பியது, கிழியவில்லை, யாரும் நிறுத்தவில்லை. முதல்முறையாக அதற்கப்புறம் நடந்ததைப் பார்த்தோம்.

எதிரில் நின்றது நான் இல்லை. மாராயி. என் பெண்சாதி. அவள் போய் நாலு வருஷம். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு, "வாய்ல சொன்னாப் பத்தாது, வெத்தலையக் குடுங்க" என்கிறாள். பந்தல் மைக்கில் கேட்கிறது. சுப்பண்ணன் சிரித்துக்கொண்டே வெற்றிலையை அவள் கையில் வைத்து, "இந்தா மாராயி, கொடம் எடுக்கற கைக்கு இந்த வழி என்னிக்கும் அடைபடாது" என்கிறான்.

நான் எங்கே? பின்னால், பந்தல் காலுக்குப் பக்கத்தில். முதுகைக் காட்டிக்கொண்டு, இலை பத்தவில்லை என்று சமையல்காரனிடம் சண்டை போடுகிறேன்.

ஏழு வருஷம். ஏழு வருஷமாக என் கையில் அந்த வெற்றிலையின் ஈரம்கூட நினைவிருந்ததே.

காளியண்ணன் விடுவானா? "கை நீட்டி வாங்குனேன்னீங்களே பெருசு, கை எங்கீங்க? சாம்பார் அண்டாவுலயா?"

சிரித்தார்கள். "நான் சொன்னது தப்பு. உங்கப்பன் சொன்னது தப்பில்ல" என்றேன். உட்காரவில்லை, நின்றுகொண்டே சொன்னேன்.

ஊர்க்கவுண்டர் வேலியைப் பிரிக்கச் சொன்னார். காளியண்ணன் எழுந்தான். "அப்பன் வாக்க மீற மாட்டேன். பொம்பளைக கொடத்தோட போகட்டும். ஆம்பளைக்கு வாக்கில்ல. இவரு கால் வெச்சா மறுபடியும் முள்ளுதான்." அதுவும் சரிதான் என்று கூட்டம் ஒத்துக்கொண்டது.

19.9.2005

"மொதப் பக்கத்துல நீங்க சொன்னத அடிச்சிரட்டுமா மாமா?" என்று ருக்குமணி கேட்டாள்.

அடிக்காதே. தப்பும் தேதியோடு இருக்கட்டும். பக்கத்தில் எழுது: வாங்கியது மாராயி.

25.9.2005

விடிந்ததும் மாராயியின் பித்தளைக் குடத்தை எடுத்தேன். என் எழுபத்தைந்து வயதில் குடத்தைத் தொட்டதில்லை. இடுப்பில் நிற்கவில்லை. தோளில் வைத்தேன். வேலி இருந்த இடத்தில் பெண்கள் நின்று சிரித்தார்கள். பொன்னம்மாள், "மாமா, முந்தானைய எங்க வெச்சுட்டு வந்தீங்க?" என்றாள்.

காளியண்ணன் கொடிக்கு நடுவிலிருந்து வந்தான். "ஆம்பளைக்கு வழி இல்லீன்னு கூட்டத்துல ஆச்சுங்களே."

"உங்கப்பன் ஆம்பளை பொம்பளைன்னு சொல்லல சாமி. கொடம் எடுக்கற கைன்னான். இந்தா கொடம், இந்தா கை."

என் தோளில் இருந்த குடத்தைப் பார்த்தான். பிறகு வழியை விட்டு ஒதுங்கி, மிளகுக்கொடியை இழுத்துக் கட்டப் போய்விட்டான்.

திரும்பி வரும்போது பாதித் தண்ணீர் முதுகில் வழிந்துவிட்டது. பரவாயில்லை. ருக்குமணிக்கு இன்று இரண்டு நடைதான்.