மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம்

10 பிப்ரவரி 2025, திங்கள்

டிக்கெட் வந்துவிட்டது. ஞாயிறு ராத்திரி சென்னையில் ஏறி, நடுவில் ஒரு ஊரில் விமானம் மாறி, தைவான். இரண்டு வாரம் ட்ரெயினிங். எங்கள் ஒரகடம் பிளான்டில் ஐந்தாவது லைன் வரப்போகிறது, அதற்கான மெஷின் அங்கேதான் தயாராகிறது. இப்போது போய்ப் பழகி, ஏப்ரலில் மறுபடி போய்ச் சரிபார்த்து வருகிறவர்தான் அந்த லைனுக்கு இன்சார்ஜ் என்று மேனேஜர் பிரசன்னா சார் சொல்லியிருக்கிறார். எனக்கு வேண்டும். வெளியே சொல்லவில்லை, இங்கே சொல்கிறேன் — எனக்கு ரொம்ப வேண்டும்.

என் வீட்டுக்காரர் தாவீதுக்கு ஒரே கேலி. "நம்ம வாலாஜாபாத் பஸ்னு நெனச்சி ஜன்னல தொறக்க சொல்லாத அமலா, எறக்கி வுட்ருவான்." பேசியதெல்லாம் பேசிவிட்டு, சாயங்காலம் ஸ்ரீபெரும்புதூர் போய்ப் பெரிய பெட்டியாக ஒன்று வாங்கி வந்தார்.

17 பிப்ரவரி, திங்கள்

நான் மாறி ஏற வேண்டிய விமானம் போய்விட்டது. நான் இங்கேயே இருக்கிறேன்.

எழுதினாலாவது மனசு அடங்குகிறதா பார்ப்போம்.

கேட்டுக்கு முன்னால் தரையில் மஞ்சள் கோடு போட்டிருந்தது. நின்றேன். எங்கள் பிளான்டில் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் ரோபோ கை சுற்றும். பச்சை விளக்கு எரிந்து, லைன் லீடர் பேர் சொல்லிக் கூப்பிட்டால்தான் காலை வைக்க வேண்டும். கூப்பிடாமல் தாண்டினால் ஐடி கார்டைப் பிடுங்கிவிடுவார்கள். ஏழு வருஷப் பழக்கம். யோசித்தா நின்றேன்? கால் தானாக நின்றது. ஜனங்கள் என்னைச் சுற்றிக்கொண்டு தாண்டிப் போனார்கள். இவர்களை எல்லாம் முன்னாலேயே கூப்பிட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். லூசு! மைக்கில் என் பேர் வரும், வரும் என்று பார்த்தேன். இந்த ஊரில் மைக்கே கிடையாதாம். அமைதியான விமான நிலையம் என்று பெருமையாகப் போர்டு வேறு.

கதவைச் சாத்தியபோதுதான் ஓடினேன். "இவ்வளவு நேரம் இங்கேயேதானே நின்றாய்? அந்த சென்ட் கடைக்கு வந்தவள் என்று நினைத்தேன்" என்கிறாள் கவுன்டர் பெண், இங்கிலீஷில். கடையைக் கேட்டின் வாசல்வரை இழுத்து வைத்தால் வேறு எப்படித் தெரியும்? "நீ கூப்டவே இல்லியே!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு என்ன புரிந்ததோ.

அடுத்த விமானம் நாளைக்குத்தான். தாவீதுக்குச் சொல்லலாம் என்றால் வைஃபைக்கு ஓடிபி கேட்கிறது. ஓடிபி என் நம்பருக்கு வருமாம், என் நம்பர்தான் இங்கே வேலையே செய்யவில்லையே. நாற்காலிக்கு நாற்காலி நடுவில் இரும்புக் கை, படுக்கவும் முடியாது. செக்கிங்கில் பாட்டில் தண்ணீரைக் கொட்டச் சொன்னார்கள், மறுபடி எங்கே பிடிப்பது என்று எந்தப் போர்டும் சொல்லவில்லை. மேலே மட்டும் கல்யாண மண்டபம் மாதிரி சரவிளக்கு. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே அழுதேன். நாளைக்கு ட்ரெயினிங்கின் முதல் நாள். நான் இருக்க மாட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

ட்ரெயினிங் முடிந்தது. முதல் நாள் விட்டதை மற்ற நாள்களில் பிடித்துவிட்டேன். திரும்புவது வேறு வழி, இதை எழுதுவது ஒரு சின்ன விமான நிலையத்தில்.

சரவிளக்கு இல்லை, பளிங்கு இல்லை, கூரையில் ஒரு இடத்தில் ஒழுகி பக்கெட் வைத்திருக்கிறார்கள். ஆனால் இறங்கியதுமே தரையில் பச்சைப் பாதம் வரைந்திருந்தது, விமானம் மாறுகிறவர்கள் அதன் மேலேயே நடக்கலாம். பன்னிரண்டாம் கேட்டுக்கு ஆறு நிமிஷ நடை என்று போர்டு. தண்ணீர்க் குழாய் கண் முன்னால். செக்கிங் தாண்டியதும் உட்கார்ந்து ஷூ மாட்ட ஒரு பெஞ்சு! இதை யோசித்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். நான் முழித்ததைப் பார்த்து நீல யூனிஃபார்ம் போட்ட அம்மா ஒருத்தி வந்து, "முதல் தடவையா?" என்று கேட்டு, கூடவே கொஞ்ச தூரம் நடந்தாள்.

எல்லாமே புதுசாக வருகிறவளுக்காக யோசித்து வைத்தது. அங்கே எல்லாம் ஏற்கெனவே தெரிந்தவனுக்காக.

5 மார்ச், புதன்

விமானத்தை எப்படி விட்டேன் என்று கேன்டீனில் உண்மையைச் சொன்னேன். பயங்கரச் சிரிப்பு. எனக்கு இனிமேல் பேர் மஞ்சக்கோடாம். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் பிரசன்னா சார் கூப்பிட்டார். "அமலா, உங்களுக்கு டிராவல் செட் ஆகல. ஏப்ரல்ல சுபாஷ் போகட்டும்." சுபாஷ் மூன்றாவது லைன் லீடர். நல்லவன்தான், அவன் மேல் கோபப்படவும் முடியவில்லை.

சரி சார் என்று சொல்லிவிட்டு வந்தேன். எதற்குச் சரி சொன்னேன்?

6 மார்ச்

சோறு இறங்கவில்லை. தாவீது கேலி பண்ணாமல் இருக்கிறார், அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

12 மார்ச், புதன்

கேட்டுவிட்டேன்!

"சார், புதுசா சேர்றவங்க மொத நாள் தப்பு பண்ணா வூட்டுக்கா அனுப்பறோம்? ரெண்டாவது நாளு நிக்க வெச்சுப் பாக்கறோம்ல? எனக்கு அந்த ரெண்டாவது நாள குடுங்க சார்."

அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தார். "அதே ஏர்போர்ட் வழியாத்தான் டிக்கெட். பரவால்லையா?"

"அதான் சார் வேணும்." (வீராப்பாகச் சொல்லிவிட்டேன்.)

"சரி, உங்க லைன் பொண்ணு மதிவதனியையும் கூட்டினு போங்க. அவங்களுக்கும் இது மொத தடவ."

6 ஏப்ரல், ஞாயிறு

விமானத்துக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். ஆமாம், உள்ளே. இரண்டாவது விமானத்தில்.

வழியெல்லாம் மதிவதனிக்குப் பாடம் எடுத்தேன். பாட்டிலைக் காலி பண்ணு, மைக்கை நம்பாதே, சென்ட் கடைப் பக்கம் நிற்காதே. "அக்கா, போதும், எனக்கு இப்பவே தல சுத்துது" என்றாள் பாவம்.

கேட் வந்தது. அதே கோடு. அவள் பாட்டுக்குத் தாண்டிப் போய்ச் சீட்டைக் காட்டினாள். என் கால் நின்றுவிட்டது! எல்லாம் தெரியும், தெரிந்தும் நின்றுவிட்டது. போச்சு, இந்தத் தடவையும் போச்சு என்று —

மதிவதனி திரும்பிப் பார்த்தாள். "அமலாக்கா, இன்னா அங்கியே நின்னுகினு கீற? வா!"

பேர் சொல்லிக் கூப்பிட்டாள். கால் வந்துவிட்டது.

அதே சரவிளக்கு, அதே இரும்பு நாற்காலி, ஒன்றும் மாறவில்லை. ஆனாலும் இன்றைக்கு அந்த இடத்தின் மேல் அவ்வளவு கோபம் வரவில்லை.

2 ஜூன், திங்கள்

என் பொறுப்பில் இன்று ஐந்தாவது லைன் ஓடியது.

புதிதாகச் சேர்ந்த பெண்களுக்காகக் கேட்டிலிருந்து லைன் வரைக்கும் பச்சைப் பாதம் வரைய வைத்திருந்தேன். "இன்னா அமலா, ஏர்போர்ட் கட்றீங்களா?" என்று பிரசன்னா சார் சிரித்தாலும் பெயின்டுக்குக் கையெழுத்துப் போட்டார். தண்ணீர் எங்கே, பாத்ரூம் எங்கே என்று பெரிய எழுத்தில் போர்டும் வைத்தாயிற்று.

பாதத்தின் மேலேயே நடந்து வந்தவர்கள் மஞ்சள் கோட்டில் நின்றார்கள். பச்சை விளக்கு எரிந்தது. நான் உள்பக்கம் கோட்டருகே நின்று, ஐடி கார்டைப் பார்த்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டேன். கடைசியாக ஒரு பெண், திருநெல்வேலிப் பக்கம், கைப்பையை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அவள் கார்டு திரும்பியிருந்தது. பேர் தெரியவில்லை. மற்றவர்கள் எல்லாம் உள்ளே போயாயிற்று.

நான் கோட்டைத் தாண்டி அவளிடம் போனேன். "உம் பேரு இன்னாம்மா?"

"ரத்னா, அக்கா. நீங்க கூப்பிடுவீங்கன்னுதான் நின்னேன்."

"தெரியும். ரத்னா, வா."